கறுப்புக் கோடாகும் படுவான்கரை

மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு கொமினிகேஷன் கடைக்கு அடையாள அட்டையின் பிரதி எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். காத்து நின்ற நேரத்தில் கண் கணினித் திரைக்குப் போயிற்று. வாவியின் மேல் சூரியன் இறங்குகிறது. நீர் முழுவதும் செம்மஞ்சள். நடுவே ஒரு தோணி, அதில் குந்தியிருக்கும் ஓர் ஆள். தோணியின் அணியத்தில் ‘கிராம சேவகர் படிவம்’ என்ற கோப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“இந்தப் படம் ஆரு எடுத்தது மகள்?”

“நான்தான் சேர், ஃபோன்ல எடுத்தன்.” பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது.

“எந்த இடம்?”

“குருக்கள்மடத்துப் பக்கம் எண்டு நினைக்கிறன். அம்மம்மா வீட்ட போகக்குள்ள எடுத்தது.”

“தோணியில இருக்கிறது?”

“தெரியா சேர்.”

அந்தப் பிள்ளையின் மூன்று பதில்களும் வீடுவரை கூடவே வந்தன. ‘நான்தான் எடுத்தன்’ என்று சொன்னபோது இருந்த மகிழ்ச்சி உண்மையானது, மதிக்கத் தக்கது. ‘நினைக்கிறன்’ என்றபோது கொஞ்சம் தடுமாற்றம். ‘தெரியா’ என்றபோது எந்த உறுத்தலும் இல்லை. கையிலிருக்கும் ஃபோனால் வாவியைப் படம் எடுத்து, அதைக் கணினியின் முகப்பில் பின்னணியாக வைப்பது இன்று எங்கள் பகுதியில் பரவலான பழக்கம். அதன் பலமும் பலவீனமும் இந்த மூன்று பதில்களுக்குள் அடங்கிவிடுகின்றன. நானும் பதினைந்து ஆண்டுகளாக அதைச் செய்கிறவன்தான். அதனால் இதை வெளியே நின்று எழுதவில்லை.

முதலில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். என் சின்ன வயதில் படம் எடுப்பதென்றால் ஸ்டூடியோவுக்குப் போவது. சாமத்தியச் சடங்கு, கலியாணம், வெளிநாடு போகும் முன் குடும்பமாக ஒன்று. ஸ்டூடியோவின் பின்சுவரில் ஒரு சீலை தொங்கும். அதில் பனி மூடிய மலை, அருவி, பூந்தோட்டத்துக்கு நடுவே பளிங்குப் படிக்கட்டு. ஆரையம்பதியில் பிறந்து களுவாஞ்சிகுடி தாண்டாத மனிதர்கள் அந்த மலைக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். பின்னணி என்பது நாம் வாழாத இடமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குக் கணினிக்கு முன்பே பழகிவிட்டது. வெளியே வந்து வாவியைப் பின்னால் வைத்துப் படம் எடுப்போம் என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும் போர்க்காலத்தில் அது இலேசான காரியமில்லை. கல்லடிப் பாலத்தில் காவலரண் இருந்த நாள்களில் கமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பாலத்தால் நடப்பவர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் பல. இந்தத் தலைமுறையின் அல்பங்களில் முகங்கள் இருக்கின்றன, ஊர் இல்லை. சீலையில் வரைந்த மலை இருக்கிறது, 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாசலில் கிடக்கும் வாவி இல்லை.

இருந்த அல்பங்களும் தங்கவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரைகளோடு கொண்டுபோனது ஒரு பங்கு. இடப்பெயர்வுகளில் விட்டுவிட்டு ஓடியது இன்னொரு பங்கு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எடுத்தது மிச்சத்தை. கடலோர நாவலடியில் தாயைப் பறிகொடுத்தவர்கள் நினைவஞ்சலிக்கு ஒரு படம் தேடி அலைந்ததை அறிவேன். வேறு ஊரிலிருந்த உறவினர் வீட்டுக் கலியாண அல்பத்தில், பந்தலின் ஓரத்தில் பாதி மறைந்து நின்ற முகத்தை வெட்டிப் பெருப்பித்துச் சட்டம் போட்டார்கள். அந்த முகத்தின் தோளில் வேறு யாருடையதோ ஒரு கை இருக்கும்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் கணினி வந்தது. 2001இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பியின் பின்னணிப் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். பச்சைக் குன்று, நீல வானம், சில முகில்கள். சார்ல்ஸ் ஓரியர் என்ற புகைப்படக் கலைஞர் 1996இல் கலிபோர்னியாவின் சொனோமாப் பகுதியில், வீதியோரம் காரை நிறுத்தி எடுத்தது. எங்கள் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் அந்தக் குன்றுதான் பல ஆண்டுகள் கிடந்தது. மேசையில் சாம்பிராணி, சுவரில் பிள்ளையார், திரையில் கலிபோர்னியா. ஸ்டூடியோச் சீலையின் இடத்தை அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் பிடித்துக்கொண்டது.

அந்தக் குன்றைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அது வெறுங்குன்று இல்லை, திராட்சைத் தோட்டம். வேரைத் தாக்கும் பூச்சியால் 1990களில் அங்கிருந்த கொடிகளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். பிடுங்கிய இடத்தில் புல் முளைத்தது. புல் மட்டும் இருந்த அந்த இடைக்காலத்தில் எடுத்த படம் அது. உலகம் முழுவதும் அமைதியின் அடையாளமாகப் பார்த்த வெறுமைக்குப் பின்னால் ஒரு விவசாயியின் நட்டம் இருக்கிறது. படத்தில் அது தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாவலடிக்கு வரும்போது தேவைப்படும்.

அந்தப் பச்சைக் குன்றை அகற்றிவிட்டு ஒருவர் தன் ஊர் நீர்நிலையை வைப்பது சின்னக் காரியமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீலை மலைக்கு முன் நின்று பழகிய ஓர் ஊர், தன் வாசலே பின்னணியாக இருக்கத் தகுந்தது என்று முடிவு செய்வது பெரிய மாற்றம். சுவிஸிலும் கனடாவிலும் கட்டாரிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் ஃபோன் திரைகளில் 1924ஆம் ஆண்டின் இரும்புப் பாலம் நிற்கிறது. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் கட்டிய பாலம், நூறு வயது தாண்டி, பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலத்துக்குப் பெரிய வாகனங்களை விட்டுக்கொடுத்து, இப்போது படங்களில் வாழ்கிறது. முகத்துவாரத்தின் 1913ஆம் ஆண்டு வெளிச்சவீடும் புளியந்தீவின் கோட்டையும் அப்படித்தான். இவற்றை ஊர் மறுபடி பார்க்கத் தொடங்கியதற்குச் சுற்றுலாச் சபையின் பதாகைகளைவிட இந்தப் பிள்ளைகளின் ஃபோன்கள்தான் காரணம் என்பேன்.

இரண்டாவது நன்மையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு ஆசிரியர் கிடைப்பதில்லை. முகநூலில் போட்டால் ஐம்பது பேர் ‘சூப்பர்’ என்பார்கள். கணினி முகப்பு அப்படிப் புகழாது. ஒரு படத்தை அங்கே வைத்தால் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரக்கணக்கில், நீங்கள் அதன் எதிரே இருக்க வேண்டும். திரையின் அடியில் ஒரு நேர்கோட்டுப் பட்டி ஓடுகிறது. வாவியின் நீர்க்கோடு இம்மியளவு சரிந்திருந்தாலும் அந்தப் பட்டி காட்டிக்கொடுத்துவிடும். என் முதல் பத்துப் படங்களில் ஏழில் வாவி ஒரு பக்கம் வழிந்து ஊற்றியது. அதைக் கமராவின் சின்னத் திரையில் நான் காணவில்லை, மூன்று நாள் அலுவலக மேசையில் பார்த்துப் பார்த்துத்தான் கண்டேன். கோப்புக் குறிகள் இடப்பக்கம் அடுக்கி நிற்பதால் தோணியை வலப்பக்கம் வைக்கக் கற்றேன். முதல் நாள் கண்ணைப் பறித்த நிறம் நாலாம் நாள் அலுப்பூட்டும். முதல் நாள் சாதாரணமாகத் தெரிந்த ஒரு படம், கண்டல் வேர்களுக்கு நடுவே அசையாமல் நிற்கும் ஒரு கொக்கு, இரண்டு மாதம் கழித்தும் அலுக்கவில்லை. எது நிற்கும், எது நிற்காது என்பதை எந்தப் பயிற்சிப் பட்டறையும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தராது.

மூன்றாவது என் சொந்தக் கதை. 2012இல் அப்பாவைப் பாலத்தடியில் வைத்து ஒரு படம் எடுத்தேன். பின்னால் புதிய பாலத்தின் தூண்கள் பாதி எழும்பி நிற்கும். அதையே முகப்பில் வைத்திருந்தேன். அப்பா தவறிய அடுத்த வருடம், இடம் போதவில்லை என்று கணினியில் பழைய கோப்புறைகளை அழித்துக்கொண்டு போனதில் 2012ஆம் வருடத்துப் படங்கள் முழுவதும் போயின. தவறு என்னுடையதுதான். ஆனால் முகப்பில் அப்பா நின்றுகொண்டே இருந்தார். விண்டோஸ், பின்னணியாக வைக்கும் படத்துக்குத் தனக்கென ஒரு பிரதி எடுத்து, தரத்தைச் சற்றுக் குறைத்து, வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இன்று வீட்டுச் சுவரில் மாலையோடு இருப்பது அந்தப் பிரதியிலிருந்து அச்சிட்டது. வேட்டியின் கரை கலங்கித் தெரியும். சிரிப்பு தெளிவாக இருக்கிறது.

இவ்வளவு நன்மை செய்த பழக்கத்தைத்தான் இனிக் குறை சொல்லப்போகிறேன். குறையின் வேர் எடுப்பவரின் மனதில் மட்டும் இல்லை, திரையின் வடிவத்திலும் இருக்கிறது.

இன்றைய கணினித் திரை பெரும்பாலும் 16க்கு 9 என்ற விகிதம். ஃபோன் எடுக்கும் படம் வழக்கமாக 4க்கு 3. கிடையாகப் பிடித்த படத்தைத் திரை நிறைய விரித்தால் மேலும் கீழுமாகக் கால்வாசி வெட்டுப்படும். ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததென்றால் பாதிக்கு மேல் போய்விடும். மனிதரைப் படம் எடுக்கும்போது நாங்கள் ஃபோனை நிமிர்த்தித்தான் பிடிக்கிறோம், ஏனென்றால் மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். அவரைத் திரையில் வைத்தால் ஒன்றில் தலை போகும், இல்லாவிட்டால் கால் போகும். அதோடு, குறிகள் வாசிக்கத் தெளிவாக இருக்கப் பின்னணியில் எதுவும் நெருக்கமாக இருக்கக் கூடாது. ஆகவே திரைக்கு வேண்டியது அகலமான, ஒரே நிறமான, ஆளில்லாத வெளி. வாவியும் அந்தி வானமும் அதற்கென்றே செய்தது போலக் கிடக்கின்றன. காலப்போக்கில் எடுப்பவரின் கண்ணும் திரைக்கு ஏற்றபடி பழகிவிடுகிறது. படம் எடுக்கும்போதே ‘இதை முகப்பில் வைக்கலாம்’ என்று மனம் கணக்குப் போடுகிறது. சட்டகத்துக்குள் ஆள் வந்தால் அவர் போகும்வரை காத்து நிற்கிறோம்.

மட்டக்களப்பில் இதற்கு ஒரு தனி விளைவு உண்டு. எங்கள் நிலத்துக்கு வெளிச்சத்தால் பெயர் வைத்தவர்கள் நாங்கள். வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக நீளும் மணல் துண்டு எழுவான்கரை, சூரியன் எழும் கரை. மேற்கே வயலும் மேய்ச்சல் தரையுமாக விரிவது படுவான்கரை, சூரியன் படும் கரை. பிரதான வீதி, பெரிய பாடசாலைகள், கடைகள், கணினிகள், கமராக்கள் எல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையில். வேலை முடிந்து பின்னேரம் ஐந்தரைக்கு வாவிக் கரைக்கு வருகிறோம். சூரியன் எதிர்க்கரையின் பின்னால் இறங்குகிறது. வானத்தின் நிறம் கெடாமலிருக்கக் கமரா வெளிச்சத்தைக் குறைக்கிறது. நீரும் வானமும் பொன்னாகின்றன. அவற்றுக்கு நடுவே படுவான்கரை ஒரு கறுப்புக் கோடாகிறது.

எத்தனையோ ஆயிரம் படங்களில் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன், நானே நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்குள் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயில் இருக்கிறது. மகிழடித்தீவு, முனைக்காடு, அம்பிளாந்துறை இருக்கின்றன. 1987 ஜனவரியில் இறால் பண்ணையிலும், 1991 ஜூனில் மகிழடித்தீவுப் பக்கத்திலும் கொல்லப்பட்டவர்களின் வீடுகள் இருக்கின்றன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை ஆஸ்பத்திரிக்கு வரவும் சோதனை எழுதவும் ‘பாதை’ ஏறிய மனிதர்கள் இருக்கிறார்கள். மோட்டார்சைக்கிளையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்த மிதவைக்கு நாங்கள் வைத்த பெயர் அது. எழுவான்கரைக்காரர் படுவான்கரையைப் பார்க்கும் பார்வையில் ஏற்கெனவே ஓர் இருட்டு உண்டு என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். அந்திப் படம் அந்த இருட்டை அழகாக்கித் தருகிறது. இதுதான் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குள்ள முதல் குற்றச்சாட்டு.

இதைப் பழைய தமிழ் அளவுகோலாலும் அளந்து பார்க்கலாம். தொல்காப்பியம் நெய்தலுக்குச் சொல்லும் சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் ஞாயிறு; அது படும் நேரம் என்று பொருள் சொல்வர். படுவான்கரையில் இருக்கும் அதே ‘படு’. ஆகவே அந்தி மயக்கம் எங்களுக்குப் புதிதில்லை, இரண்டாயிரம் ஆண்டுச் சொத்து. ஆனால் அந்த மரபு நிலத்தோடும் பொழுதோடும் நின்றுவிடவில்லை. அவை முதற்பொருள், தொடக்கம் மட்டுமே. அதன் மேல் கருப்பொருள் வர வேண்டும்: மீன், உப்பு, வலை, தோணி, பரதவர். அதற்கு மேல் உரிப்பொருள், அங்கே வாழும் ஒருவரின் நெஞ்சு. எங்கள் முகப்புப் படங்கள் முதற்பொருளில் நின்றுவிடுகின்றன. தோணி இருந்தாலும் அது நிழலுருவம். ஆள் இருந்தாலும் அவருக்கு முகம் இல்லை.

நாவலடிக்கு வருவோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவே மணல். காலை வெயிலில் அங்கே எடுத்த படங்கள் திரைக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன. வெண்மணல், நீலம், ஒன்றிரண்டு தென்னை. அந்த வெறுமை இயற்கையானதில்லை. அங்கே நெருக்கமான ஒரு மீனவர் குடியிருப்பு இருந்தது. ஆழிப்பேரலைக்குப் பிறகு உயிர் தப்பியவர்களில் பலரைத் திராய்மடுவில் குடியமர்த்தினார்கள். அந்தக் கலிபோர்னியாக் குன்றைப் போலவே இங்கும் ஏதோ பிடுங்கப்பட்ட இடத்தில்தான் அழகு முளைத்திருக்கிறது. கலிபோர்னியாக்காரருக்கு அது ஒரு பயிர். எங்களுக்கு அது மனிதர்கள். அந்தப் படத்தை வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே வீடுகள் இருந்தன என்ற ஒரு வரி கூட இல்லாமல் அது நூறு கைகள் மாறுவது சரியில்லை.

ஆற்றுவாழையும் அப்படித்தான். வாவியின் ஒதுக்குப்புறங்களில் ஊதாப் பூவாகப் பரந்து கிடக்கும் படத்தைப் பலர் ஆசையாக வைத்திருக்கிறார்கள். அழகுச் செடியாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குள் வந்தது அது. 1909இலேயே அதை ஒழிக்க இங்கே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. அந்தப் பூவுக்கு அடியில் தோணி நகராது, வலை விழாது, நீருக்குள் வெளிச்சம் இறங்காது. அதை வாவியின் அழகு என்று வைத்திருப்பவர் வாவியின் நோயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாலத்தடியில் மிதக்கும் பொலித்தீன் பைகளை நாங்கள் வெட்டி நீக்குவதும் இதே கணக்குத்தான். ஓர் ஊரின் எல்லாப் படங்களிலும் குப்பை வெட்டுப்பட்டிருந்தால், குப்பை இருந்ததற்குச் சாட்சி மிஞ்சாது.

போன வருடம் ஒரு விடியற்காலை கண்ட காட்சியைச் சொல்ல வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு பெரியவர் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். கரையில் நல்ல கமராக்களோடு மூன்று இளைஞர்கள். “ஐயா, இன்னொருக்கா வீசுங்களன்” என்றார்கள். அவர் வீசினார். வலை வட்டமாக விரியவில்லை என்று மறுபடி கேட்டார்கள். மறுபடி வீசினார். ஈரவலையை இழுத்து, உதறி, மடித்து, முழங்கையிலும் தோளிலும் பங்கிட்டு, பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி எறிய வேண்டும், அது விளையாட்டில்லை. நாலாம் தடவை முடிந்ததும் கரைக்கு வந்து கேட்டார்: “மகன், அந்தப் படத்துல ஒண்டு எனக்கும் தருவீங்களா?” ஓம் என்றார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். இலக்கம் வாங்கவில்லை, பெயர் கேட்கவில்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுடைய பழக்கத்தில் படம் திரும்பிப் போவதற்கான வழி இல்லை, அவ்வளவுதான். அந்தப் பெரியவர் இப்போது யாருடைய திரையிலோ குறிகளுக்குப் பின்னால் வலை வீசிக்கொண்டிருப்பார். அவர் வீட்டில் அவருடைய படம் இருக்குமா என்பதுதான் என் கேள்வி.

படத்துக்குள் வராததும் ஒன்று இருக்கிறது. மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் வாங்கிய ஊர் இது. பௌர்ணமி இரவில் பாலத்தடியில் துடுப்பை நீருக்குள் விட்டு, அதன் மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் அந்த ஒலிக்கு உருவம் கிடையாது. எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிந்தார். 1954இல் லாங் என்ற இயேசு சபைப் பாதிரியார் ஒலிப்பதிவு செய்தார், பிறகு அது இலங்கை வானொலியில் ஒலித்தது. அவரும் பொழுதுபோக்காகச் செய்தவர்தான். ஆனால் யார், எப்போது, எதைப் பதிந்தார் என்பது அந்தப் பதிவோடு தங்கியிருக்கிறது. அதனால்தான் இன்றும் அதைப் பற்றிப் பேச முடிகிறது.

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு இது கொண்டுவந்து விடுகிறது. குறிப்பு இல்லாத படம் நினைவு ஆகாது, அலங்காரம் ஆகும். கடையில் அந்தப் பிள்ளை ‘நினைக்கிறன்’ என்று சொல்ல எடுத்தது இரண்டு மூன்று வருடம்தான். இன்னும் பத்து வருடத்தில் அது ‘எங்கயோ ஒரு ஆறு’ ஆகிவிடும். எங்கள் பகிரும் முறை அதைத் துரிதப்படுத்துகிறது. 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிக்குச் சுருங்குகிறது. மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. எடுத்த நாள், நேரம், இடம் என்று கமரா படத்துக்குள் எழுதி வைத்ததும் உரிந்துபோகிறது. குழுவிலிருந்து இறக்கித் திரையில் வைப்பவர் கையில் கிடைப்பது பெயரும் நாளும் அற்ற ஒரு சக்கை.

பொழுதுபோக்காளரின் படம்தானே, இதற்கு இவ்வளவு பாடா என்று கேட்பார்கள். இலங்கைப் புகைப்படக் கலையின் மிகப் பெரிய பெயரான லயனல் வெண்ட் சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர். கமரா அவருக்குப் பிழைப்பில்லை, விருப்பம். 1944இல் நாற்பத்து நான்கு வயதில் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்களை அழித்துவிட்டார்கள். அச்சுப் பிரதிகளாக எஞ்சியவற்றிலிருந்து 1950இல் ஒரு நூல் வந்தது. இன்று அவரைப் பற்றிப் பேசுவதெல்லாம் எஞ்சியவற்றை வைத்துத்தான். அவ்வளவு பெயர் பெற்றவருக்கே அது நடந்ததென்றால் கல்லடிக் கடைப் பிள்ளையின் ஃபோனுக்கு என்ன பாதுகாப்பு? இருக்கும் ஒரு வழி, கொடுத்துவைப்பது. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு படங்களையும் எண்ணிமமாகச் சேகரித்து வருகிறது. விக்கிமீடியாப் பொதுவகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அங்கே ஏற்றும்போது எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று கேட்கும். அந்தக் கேள்விகளே பாதிப் பயன்.

நிறுத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இந்தப் பழக்கத்துக்குச் சார்பானதுதான். சீலை மலையிலிருந்தும் இரவல் குன்றிலிருந்தும் எங்களை எங்கள் வாசலுக்குத் திருப்பியது இது. கண்ணைப் பழக்கியது. எனக்கு அப்பாவின் சிரிப்பை மீட்டுத் தந்தது. ஆனால் அது பாதி வழியில் நிற்கிறது. ஊரைப் பின்னணி ஆக்கியவர்கள் ஊராரைப் பின்னணிக்கும் பின்னால் தள்ளிவிட்டோம். இதைத் திருத்தப் புதுக் கமரா வேண்டாம், புது மென்பொருளும் வேண்டாம்.

பின்னேரம் போகும் அதே துறைக்கு ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போங்கள். குருக்கள்மடத்துத் துறை, குருமண்வெளித் துறை, எதுவானாலும் சரி. சூரியன் உங்கள் முதுகில் இருக்கும். எதிர்க்கரையில் மரம் மரமாக, கூரை கூரையாக, பாதைக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை வரை தெரியும். அவர்களில் ஒருவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஐ.எம்.ஜி. என்று தொடங்கும் அந்த எண்ணை அழித்துவிட்டு, ஊரின் பெயர், திகதி, அவர் சம்மதித்தால் அவருடைய பெயர் மூன்றையும் கோப்புக்கு வையுங்கள். திரையில் போடும் முன் ஒரு பிரதியை அவருக்கு அனுப்புங்கள்.

போன கிழமை அந்தக் கொமினிகேஷன் கடைக்கு மறுபடி போனேன். முகப்பில் அதே அந்திதான் இருக்கிறது. படத்தின் கோப்புக்கு அந்தப் பிள்ளை இப்போது ‘குருக்கள்மடம் துறை’ என்று பெயர் வைத்திருக்கிறாள். தோணிக்காரரின் பெயரை அம்மம்மாவிடம் கேட்டிருக்கிறாளாம்.